ரப்பர் வெட்டும் எம்.பி.ஏ. வகுப்பும்: ஒரு குடும்பத்தின் நேரக்கணக்கு குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

குலசேகரத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து நாகர்கோவில் பகுதியில் உள்ள ஒரு கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்தில் வந்து எம்.பி.ஏ. படிக்கும் ஒரு மாணவி, முதல் இரண்டு பருவங்களில் (செமஸ்டர்களில்) தம் படிப்பையும் வீட்டு வேலையையும் எவ்வாறு ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டார் என்பதை இந்த ஆய்வு விவரிக்கிறது. அவர் படிக்கும் துறையில் கற்பிப்பவன் என்ற முறையிலும், அவருடைய படிப்புக் குழுவின் வழிகாட்டி என்ற முறையிலும் அந்த மாற்றங்களை அருகிலிருந்து பார்த்தேன். அவருடைய இசைவுடனும் பெற்றோரின் இசைவுடனும் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, அவரை மாணவி என்றே குறிப்பிடுகிறேன்.

வேலையையும் படிப்பையும் சேர்த்துச் சுமக்கும் மாணவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை, நாளைத் திட்டமிடு, முக்கியமானதை முதலில் செய், கைப்பேசியை ஒதுக்கி வை என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஒருவருடைய நாள் முழுவதும் அவர் ஒருவருக்கே உரியது என்று எடுத்துக்கொண்டு பேசும் அறிவுரை அது. ரப்பர் வெட்டும், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வீட்டிலும், பூ வணிகம் செய்யும் வீட்டிலும், கடலுக்குப் போகும் வீட்டிலும், தாய் முந்திரி ஆலைக்குப் போகும் வீட்டிலும் ஒருவருடைய விடியற்காலை மற்றொருவருடைய வருமானத்தோடு பிணைந்திருக்கிறது. அத்தகைய வீட்டில், மாணவரின் படிப்பு நேரத்தைக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கிலேயே விலை குறித்து ஒரு செலவாக எழுதிக்கொண்டால் ஒழிய அவருடைய நாள் ஒரு நிலைக்கு வராது என்பதே இந்த நிகழ்விலிருந்து நான் பெற்ற முடிவு.

வீடும் தோட்டமும்

இந்தியாவில் ரப்பர் மரபாகப் பயிராகும் நிலப்பகுதி என்று கேரளத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது கன்னியாகுமரி மாவட்டம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குலசேகரம், திருவட்டாறு, அருமனை, திற்பரப்பு சுற்றுவட்டாரங்களில் வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில்கூட ரப்பர் நிற்பதைக் காணலாம். 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் ஒருபுறம் இருக்க, ஓர் ஏக்கருக்கும் இரண்டு ஏக்கருக்கும் இடைப்பட்ட நிலத்தை வைத்துக்கொண்டு தாமே வெட்டிப் பிழைக்கும் சிறு உடைமையாளர்கள் ஏராளம். மாணவியின் தந்தை அவர்களுள் ஒருவர். தம் மரங்களை ஒன்றுவிட்ட நாள்களில் வெட்டுகிறார். இடைப்பட்ட நாள்களில் மற்றொருவர் தோட்டத்தில் கூலிக்கு வெட்டுகிறார். தாய் முந்திரி ஆலையில் வேலை செய்கிறார். ஊரில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் கணக்கையும் அவரே எழுதுகிறார். தம்பி பள்ளி மாணவன்.

ரப்பர் வெட்டின் ஒழுங்கை அறியாதவர்களுக்கு இந்த நிகழ்வு விளங்காது. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மரப்பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்பொழுதில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து ஓட்டம் தளர்ந்துவிடும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டத் தொடங்குகிறார்கள். சிரட்டையில் வடிந்த பாலைச் சில மணி நேரம் கழித்து எடுத்து, தண்ணீர் கலந்து, ஆசிட் சேர்த்துத் தட்டங்களில் உறைய வைக்கிறார்கள். உறைந்த கட்டியை மறுநாள் இயந்திர உருளைகளுக்கு இடையே கொடுத்து ஷீட்டாக அடித்து, நீர் வடிய விட்டு, வெயிலிலோ புகையிலோ காயவைக்கிறார்கள். பாலை எடுக்காமல் சிரட்டையிலேயே உறைய விட்டால் அது ஒட்டுப்பால் ஆகும். அதற்கு ஷீட்டைவிட விலை குறைவு, உழைப்பும் குறைவு.

இந்த வேலைகளில் எது நகரும், எது நகராது என்பதைக் கவனிக்க வேண்டும். வெட்டு நகராது. பால் எடுத்து ஆசிட் சேர்ப்பதைச் சில மணி நேரத்துக்கு மேல் தள்ள முடியாது. ஷீட் அடிப்பதைக் காலையிலிருந்து பிற்பகல் வரை நகர்த்தலாம். ஷீட்டா ஒட்டுப்பாலா என்பதோ முழுக்க முழுக்கக் குடும்பத்தின் தெரிவு. முதல் பருவம் முடியும்வரை இந்த வேறுபாட்டை அவ்வீட்டில் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஏனெனில் அதற்கு முன் எண்ணிப் பார்க்கத் தேவை ஏற்பட்டதில்லை.

முதல் பருவத்தின் நாள்

மாணவி பி.காம். முடித்து, டான்செட் என்னும் நுழைவுத் தேர்வு எழுதி, கலந்தாய்வு வழியாக எம்.பி.ஏ. இடம் பெற்றவர். கட்டணத்துக்குக் கல்விக் கடன் வாங்கியிருக்கிறார்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது அக்கடன் திட்டத்தின் பொது விதி. வட்டி மட்டும் அக்காலத்திலும் சேர்ந்துகொண்டே போகும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தேர்ச்சி தவறினால் ஓர் ஆண்டு வட்டி கூடும் என்ற அச்சம் மாணவியின் பேச்சில் அடிக்கடி வந்தது.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தந்தையோடு வெட்டுக்குப் போவார். தந்தைக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து மரங்களில் ஒரு பாதியை மகள் வெட்டுவது வழக்கமாகியிருந்தது. வெட்டு இல்லாத நாளில் எழுந்ததுமே, முந்தைய நாள் உறைந்த பாலை ஷீட் அடிப்பார். ஏழு மணி கடந்ததும் பேருந்து. திருவட்டாறு, அழகியமண்டபம், தக்கலை வழியாக நாகர்கோவில் வந்து, அங்கிருந்து கல்லூரிக்கு மற்றொரு பேருந்து. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால் அவற்றிலேயே வருவார். அவை எல்லா நிறுத்தத்திலும் நின்று வரும். காலையில் பெரும்பாலும் நின்றபடியே பயணம். மாலை வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒன்பது மணி அளவில் புத்தகத்தைத் திறந்து பன்னிரண்டு வரை முயல்வார்.

வகுப்பில் அவர் தூங்கியதில்லை. ஆனால் வாரத்தின் பிற்பகுதியில் கேள்வி கேட்டால் விடை ஒரு கணம் தாமதித்து வரும். எழுதிய வாக்கியங்கள் பாதியில் நிற்கும். வயதுவந்தோர் நாள்தோறும் ஏழு மணி நேரமாவது உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் உறக்க ஆய்வுச் சங்கமும் 2015-இல் சேர்ந்து பரிந்துரைத்தன. இம்மாணவிக்கு அதில் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான் கிடைத்தது. முதல் பருவத் தேர்வில் புள்ளியியல் தாளில் அவர் தேர்ச்சி பெறவில்லை. பி.காம். படிப்பில் அதே பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

பாடத்திட்டம் மனத்தில் வைத்திருக்கும் மாணவர்

மேலாண்மைக் கல்வியில் நிகழ்வுகளை, அதாவது ஒரு நிறுவனம் எதிர்கொண்ட சிக்கலை விவரிக்கும் எழுத்துகளை, வைத்து விவாதிக்கும் முறை, 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1920-களில் நிலைபெற்றது. 1961-இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தொடங்கப்பட்டபோது ஹார்வர்டின் ஒத்துழைப்போடு அம்முறை இந்நாட்டில் வேரூன்றியது. அங்கே மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கிறார்கள். முந்தைய இரவு பத்துப் பதினைந்து பக்கங்களைப் படித்து, குழுவாகக் கூடிப் பேசி, காலையில் வகுப்புக்கு வருவது என்ற ஒழுங்கு அந்த வாழ்க்கை முறைக்கு ஏற்றது. நூலகமும் உணவும் உறங்கும் அறையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒருவருடைய இரவை முன்வைத்து அது அமைந்திருக்கிறது.

அந்த முறையை நாம் எடுத்துக்கொண்டோம். அதற்குப் பின்னணியாக இருந்த விடுதி வாழ்வை எடுத்துக்கொள்ளவில்லை. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கு மாவட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் நாள்தோறும் வந்து போகிறவர்கள் பலர். அவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குக் குழுப்பணி என்றால் கடைசி வசதியான பேருந்து போய்விடும். இரவு பத்து மணிக்கு இணையவழிக் கூட்டம் என்றால் விடியற்காலை வேலை கெடும். 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும் என்ற விதியை நான் குறை சொல்லவில்லை. வகுப்பில் இருந்தே கற்க வேண்டியவை உண்டு. ஆனால் வகுப்புக்கு வெளியே நாம் கேட்கும் வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று எந்தப் பாட ஆசிரியரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆறு பாடங்களின் ஆசிரியர்கள் தனித்தனியே நியாயமாகக் கேட்பவை ஒன்றுசேரும்போது நியாயமற்ற அளவாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் நீண்ட நிகழ்வுகளைப் படிக்க முதல் பருவத்தில் தம் வகுப்புத் தோழர்கள் சிலரைவிட இருமடங்கு நேரம் ஆனது என்று மாணவி சொன்னார். அதையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சிக்கல் எங்கே இருந்தது

இரண்டாம் பருவத் தொடக்கத்தில் தாம் செய்வதையெல்லாம் இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்துவரும்படி மாணவியைக் கேட்டுக்கொண்டேன். பேருந்துப் பயணமே தம் நேரத்தைத் தின்கிறது என்று அவர் அதுவரை நம்பியிருந்தார். நோட்டு வேறொன்றைக் காட்டியது.

முதலாவது, தொடங்கி முடிக்காமல் கையில் இருந்த வேலைகளின் எண்ணிக்கை. ஏழு ஒப்படைப்புகள் ஒரே நேரத்தில் பாதியில் கிடந்தன. வாரத்துக்கு இரண்டை முடிக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. செயல்பாட்டு மேலாண்மைப் பாடத்தில் நாம் கற்பிக்கும், ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதியை இங்கே பொருத்திப் பார்க்கலாம்: கையில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காலம் கையில் கிடக்கும் என்பது கிடைக்கும். ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை வாரம். ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் தொடங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை வாரம். இதனால் வேலைகளின் மொத்த எண்ணிக்கை குறைந்துவிடாது. மற்றவை தொடங்கப்படாமல் காத்திருக்கும். ஆனால் தொடங்கியது மறப்பதற்குள் முடியும், திருத்தம் வேண்டுமானால் நேரத்தோடு தெரியும். ஒரு பணியைப் பாதியில் விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய பணியிலேயே தங்கிவிடுகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார். மாணவியின் இரவு மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி, நேற்று எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே கழிந்தது.

இரண்டாவது, தெளிவாகப் படிக்கக்கூடிய நேரம் எங்கே போனது என்பது. ஓர் உற்பத்தி அமைப்பு முழுவதின் வேகத்தையும் அதன் மிகக் குறுகலான ஓர் இடமே தீர்மானிக்கிறது என்பது மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாகு கோல்ட்ராட்டின் கோட்பாடு. மற்ற இடங்களில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் பயன் இல்லை; அந்தக் குறுகிய இடத்தில் ஒரு மணி நேரம் இழந்தால் முழு அமைப்பும் ஒரு மணி நேரத்தை இழக்கிறது. மாணவிக்கு அந்தக் குறுகிய இடம் மூளை தெளிவாக இருக்கும் காலை நேரம். வெட்டு இல்லாத நாள்களில் ஐந்தரை முதல் ஏழு மணி வரை அவர் மிகத் தெளிவாக இருந்தார். அந்த நேரத்தைத்தான் ஷீட் அடிப்பதற்குக் கொடுத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குமேல் புள்ளியியல் படித்தார். நகராத வேலைக்காக அவர் இழந்தது குறைவு. நகரக்கூடிய வேலைக்காக இழந்ததே மிகுதி. இதை அந்த நோட்டைப் பார்க்கும்வரை நானும் ஊகிக்கவில்லை. பயணமே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடிய நிலை அது.

ஒத்துப்போகாத நாட்காட்டிகள்

நாளைப் போலவே ஆண்டும் முரண்பட்டது. ரப்பரில் பால் மிகுதியாகக் கிடைப்பது, குளிர்ச்சி தொடங்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை. ஒற்றைப்படைப் பருவத்தின் (முதல், மூன்றாம் பருவங்களின்) தேர்வுகள் நவம்பர், டிசம்பரில் வருகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் பலர் வெட்டை நிறுத்திவைக்கிறார்கள்; அப்போது வீட்டில் வேலை குறையும், வருமானமும் குறையும்; கல்லூரியிலோ அது பருவத்தின் நடுப்பகுதி, நெருக்கடி இல்லாத காலம். வீட்டுக்கு ஆள் வேண்டிய மாதத்தில் படிப்புக்கும் ஆள் வேண்டியிருக்கிறது.

இந்தப் பொருத்தமின்மை ரப்பர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மாணவியின் படிப்புக் குழுவில் தோவாளைப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் இருக்கிறார். அச்சந்தை இருட்டு நேரத்திலேயே சுறுசுறுப்பாகிவிடும். கேரளத்துக்குப் பூ ஏறும் ஓணக் காலத்தில் வீட்டில் உறக்கமே இராது. குளச்சல் பகுதியைச் சேர்ந்த மற்றொரு மாணவரின் தந்தை விசைப்படகுத் தொழிலாளி. இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் உண்டு: கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டாம் பருவம் முடிந்து கோடைக்காலப் பயிற்சிக்குச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்த் தங்க வேண்டிய காலமும், மேற்குக் கரை வீடுகளில் படகு வருமானம் நிற்கும் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அரசு தரும் தடைக்கால நிவாரணம் அடுப்புக்குப் போதலாம். வெளியூர் அறை வாடகைக்குப் போதாது. அந்த மாணவர் பயிற்சியை உள்ளூரிலேயே தேடிக்கொண்டார். அதை வசதிக்காகச் செய்த தெரிவு என்று எங்கள் துறைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது நான் மறுத்துப் பேசினேன், இன்றும் மறுக்கிறேன். மீன் பதப்படுத்தல், முந்திரி, ரப்பர், மார்த்தாண்டத்துத் தேன் என்று கற்க வேண்டிய தொழில்கள் இங்கேயே இருக்கின்றன.

இவற்றோடு உள்ளூர் விடுமுறைகள். திருவோணம், கோட்டாறு சவேரியார் பெருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காடு மாசிக் கொடை என்று வரும் விடுமுறைகளுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் ஆவது இங்கே வழக்கம். விழா நாளில் உறவினர் வருகை இருப்பதால் படிப்பு நடக்காது. ஈடு செய்யும் சனிக்கிழமையில் வகுப்பு இருப்பதால் ஒப்படைப்பும் எழுத முடியாது.

வீட்டில் நடந்த பேச்சு

நோட்டில் கண்டதை வைத்துக்கொண்டு மாணவி தந்தையிடம் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: ஷீட் அடிப்பதைக் காலையிலிருந்து மாற்றலாமா என்பது. தந்தையின் மறுப்பு தொழிலறிந்தவரின் மறுப்பு. “காலையிலே அடிச்சாத்தான் மக்களே ஷீட்டுக்கு வெயில் கிடைக்கும்” என்றார். அடித்த ஷீட் நீர் வடிந்து காய்வதற்கு ஒரு பகல் வெயில் வேண்டும். பிற்பகலில் அடித்தால் அது வீணாகும், மழை மாதத்தில் பூஞ்சை பிடிக்கும், தரம் குறைந்தால் விலை குறையும். மாணவி அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் கூலி வெட்டுக்குப் போகும் நாள்களில் தந்தை பத்து மணிக்குள் திரும்பிவிடுகிறார். பத்தரைக்கு அடித்தாலும் பெரும்பகுதி வெயில் கிடைக்கும். இதைச் சில நாள் செய்துபார்த்த பிறகே தந்தை உடன்பட்டார். முழங்கால் வலிக்கு உருளை இயந்திரத்தைச் சுற்றுவது மரத்துக்கு மரம் குனிந்து நடப்பதைவிட எளிது என்பதும் அப்போது தெரிந்தது.

அடுத்த பேச்சு கடினமானது. தேர்வுக்கு முந்தைய நான்கு வாரங்களில் ஷீட் அடிப்பதையே நிறுத்தி ஒட்டுப்பாலாக விற்பது என்ற யோசனையை மாணவி முன்வைத்தார். நல்ல பாலைச் சிரட்டையிலேயே உறைய விடுவது தொழில் தெரிந்தவர்களுக்குக் கைவிட்ட வேலை போலத் தோன்றும்; தந்தைக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கே தாய் தலையிட்டார். சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதிப் பழகியவர், “எவ்வளவு குறையும்னு முதல்ல எழுதிப் பாப்போம்” என்று நோட்டை எடுத்தார். ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் உள்ள விலை வேறுபாடு, அதிலிருந்து மிச்சமாகும் ஆசிட் செலவு, மிச்சமாகும் வேலை நேரம் எல்லாவற்றையும் ஒருபுறம் எழுதினார். ஒரு தாளை மீண்டும் எழுதுவதற்கு ஆகும் கட்டணம், ஒரு பருவம் தள்ளிப்போனால் கூடும் வட்டி, வேலை கிடைப்பது தள்ளிப்போனால் இழக்கும் ஊதியம் ஆகியவற்றை மறுபுறம் எழுதினார். நான்கு வாரத்து இழப்பு, மறுபுறத்துத் தொகையில் சிறு பகுதியாகவே இருந்தது. அந்த இழப்பை மாதக் கணக்கில் “படிப்பு” என்ற தலைப்பில் செலவாகவே எழுதினார்.

இந்த ஒரு வரிதான் இந்நிகழ்வின் மையம் என்று கருதுகிறேன். அதுவரை மகள் படிக்கும் நேரம், வீட்டின் பார்வையில், வேலை இல்லாத நேரம். வேலை இல்லாத நேரத்தில் ஒருவரை எப்போதும் எழுப்பலாம். தண்ணீர் எடுக்கவும், உறவினருக்குத் தேநீர் போடவும், தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தரவும் அழைக்கலாம். விலை கொடுத்து வாங்கிய நேரம் என்று ஆன பிறகு, அந்த நேரத்தைக் காப்பதில் தாயும் தந்தையும் மாணவியைவிடக் கண்டிப்பாக இருந்தார்கள். யாரும் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை, அவரும் யாரிடமும் புலம்பவில்லை; கணக்கு பேசியது.

அதே முறையில் பேருந்தும் கணக்குக்கு வந்தது. காலையில் மட்டும் கட்டணம் கொடுத்து, குறைவான நிறுத்தங்களில் நிற்கும் பேருந்தில் போனால் அரை மணி நேரம் தாமதித்துப் புறப்படலாம். மாலையில் கட்டணமில்லாப் பேருந்து போதும். அந்த அரை மணியும் காலைத் தெளிவு நேரத்தோடு சேர்ந்துகொண்டது.

பேருந்தும் படிப்புக் குழுவும்

நின்றபடி வரும் பேருந்தில் புத்தகத்தைத் திறக்க முடியாது. ஆனால் திறக்காமலே செய்யக்கூடிய, அதைவிடப் பயனுள்ள ஒன்று உண்டு. படித்ததை மீண்டும் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்க முயல்வதே ஒரு வாரம் கழித்தும் நிலைக்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. காலையில் படித்த ஒரு பாடப் பகுதியைத் தக்கலை வருவதற்குள் மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது, தடைப்பட்ட இடத்தை மட்டும் கல்லூரியில் இறங்கியதும் பார்ப்பது என்று மாணவி பழகிக்கொண்டார். இதற்கு எந்தச் செலவும் ஆகவில்லை.

குழுப்பணியில் இரண்டு மாற்றங்களைச் செய்தோம். இரவு நேர இணையக் கூட்டங்களை நிறுத்தி, மதிய உணவுக்குப் பின் வாரம் இருமுறை கல்லூரியிலேயே கூடினார்கள். பூச்சந்தை மாணவரும் ரப்பர் வீட்டு மாணவியும் விழித்திருக்கக்கூடிய பொதுவான நேரம் அதுதான். இரண்டாவது, ஒரு நிகழ்வை நான்கு பகுதியாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி படிக்கும் வழக்கத்தை நிறுத்தினோம். நேரம் மிச்சமாவதுபோல் தோன்றும் அந்த வழக்கம், என் பார்வையில், குழுப்பணியில் உள்ளவற்றுள் மிகக் கெடுதலானது. நிதிநிலையைப் படித்தவருக்குச் சந்தைப் பகுதி தெரியாது. சந்தையைப் படித்தவருக்கு நிதி தெரியாது. முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் நால்வரும் ஊமையாக நிற்பார்கள். ஆகவே எல்லோரும் முழு நிகழ்வையும் ஒருமுறை விரைவாகப் படித்துவிட்டு, ஆளுக்கு இரண்டு கேள்விகளுடன் வருவது என்று மாற்றினோம். துறையிலும் ஒரு சிறு மாற்றம் நடந்தது: ஆறு ஆசிரியர்களின் ஒப்படைப்புத் தேதிகளும் ஒரே பலகையில் எழுதப்பட்டன. ஒரே வாரத்தில் மூன்றுக்கு மேல் விழுந்தால் யாராவது ஒருவர் தள்ளிவைக்க வேண்டும் என்பது பேச்சளவில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. பின்பற்றுவதில் இன்னும் குறை இருக்கிறது.

விளைவும் எஞ்சிய கேள்வியும்

இரண்டாம் பருவத்தின் முடிவில் மாணவி எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றார். முதல் பருவத்தில் நின்றுபோன புள்ளியியலையும் எழுதித் தேறினார். உறக்கம் வெட்டு நாள்களில் ஆறு மணி நேரத்தை எட்டியிருக்கிறது. மற்ற நாள்களில் அதைவிடக் கூடுதல். பரிந்துரைக்கப்படும் ஏழு மணியை வாரம் முழுதும் அவர் இன்னும் தொடவில்லை என்பதை நான் வெற்றிக் கணக்கில் சேர்க்கமாட்டேன். வீட்டு வருமானம் தேர்வு மாதத்தில் குறைந்தது. எதிர்பார்த்த அளவுக்குள்ளேயே குறைந்தது.

ஆனால் இந்த ஏற்பாடு ஏப்ரல், மே தேர்வுக்குத்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் பருவத் தேர்வு பால் மிகுந்த நவம்பரில் வருகிறது. வேலைவாய்ப்பு நேர்காணல்களும் அதே காலத்தில் தொடங்குகின்றன. பால் மிகுந்த மாதத்தில் ஒட்டுப்பாலாக விற்றால் இழப்பு கோடையைவிடக் கூடும். வடகிழக்குப் பருவமழையில் மரத்தைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் மறைப்பு இருந்தாலும் சிரட்டையில் நீர் விழாமல் முழுக்கத் தடுக்க முடியாது. கூலிக்கு ஆள் வைத்து வெட்டுவது ஒரு வழி. அந்த மாதங்களில் ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி உயரும்.

குடும்பம் இப்போது எண்ணிக்கொண்டிருப்பது மற்றொரு வழி. ரப்பர் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம், பாலோட்டத்தைத் தூண்டும் மருந்தைப் பூசி, ஒன்றுவிட்ட நாளுக்குப் பதிலாக மூன்று நாளுக்கு ஒருமுறையோ வாரம் ஒருமுறையோ வெட்டும் முறைகளைப் பரிந்துரைத்து வருகிறது. வெட்டு நாள்கள் குறைந்தால் பட்டையும் நீண்ட காலம் நிற்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை என்று மாற்றினால், தந்தை ஒருவரே தம் மரங்களை வெட்டி முடிக்க முடியுமா, ஒரு வெட்டுக்குக் கிடைக்கும் பால் எவ்வளவு கூடும், மொத்தத்தில் எவ்வளவு குறையும் என்ற கணக்கை மாணவி தம் செயல்பாட்டு மேலாண்மைத் திட்டப்பணியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். தோட்டத்தில் ஒரு வரிசை மரங்களைப் புதிய முறைக்கும் மற்றொரு வரிசையைப் பழைய முறைக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டு நாளிலும் இரண்டு வரிசைகளின் பாலையும் தனித்தனியே அளந்து தந்தை நோட்டில் குறித்து வருகிறார். செப்டம்பர் இறுதிவரை சேரும் அளவுகளைக் கொண்டு அக்டோபர் முதல் வாரத்தில் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்வதாகத் திட்டம்.